கைடில் இல்லாத ஒரு டீச்சர்

  இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டு லைக் போட்டுப் போய்விடாதீர்கள். வகுப்பில் யார் கவனிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும் அல்லவா, இங்கேயும் தெரிந்துவிடும்.

போன மாதம் என் தம்பி மகள் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி திண்டிவனம் வந்திருந்தாள். பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். அமெரிக்க இலக்கியம் என்று ஒரு தாள். கையில் கடையில் வாங்கிய கைடு. "அத்தை, நாவல் படிக்க நேரம் இல்ல. கருப்பொருள், கதாபாத்திரம் ரெண்டு மட்டும் தமிழ்ல சொல்லிடுங்க. பதினஞ்சு மார்க் கேள்வி கண்டிப்பா வரும்" என்றாள்.

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவள். அமெரிக்க இலக்கியத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு படிப்பதற்கு நேரம் கிடைத்தது. ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' தமிழில் படித்தேன். மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்', ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' இரண்டையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தேன். அதனால் அவள் கைடைத் திறந்து பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.

மாக்கிங்பேர்டுக்கு அதில் ஒன்றரைப் பக்கம். கருப்பொருள்: இனவெறி, நீதி, துணிச்சல், குழந்தைப் பருவம். கதாபாத்திரம்: ஆட்டிகஸ் ஃபின்ச், உத்தமர். டாம் ராபின்சன், அப்பாவி. பாப் யூவெல், கெட்டவன். முடிந்தது. சாம்பார் பொடிக்கு அளவு எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. இதை மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வரும், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதை நம்மைத் தொடாமலேயே போய்விடும். என் வருத்தமெல்லாம் அதுதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நாவல். அலபாமா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர், 1930களில் நடக்கிற கதை. டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது ஒரு வெள்ளைக்காரப் பெண் பலாத்காரப் புகார் கூறுகிறாள். வக்கீல் ஆட்டிகஸ் அவனுக்காக வாதாடுகிறார். அந்தப் பெண்ணுக்கு அடி விழுந்தது முகத்தின் வலது பக்கம். அடித்தவன் இடது கைக்காரனாக இருக்க வேண்டும். டாமின் இடது கையோ சிறு வயதிலேயே பஞ்சு அரைக்கும் எந்திரத்தில் சிக்கிச் செயலிழந்த கை. ஊரே கண்ணால் பார்க்கிறது. இருந்தும் வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்திருந்த ஜூரி அவனைக் குற்றவாளி என்று சொல்லிவிடுகிறது.

அந்த விசாரணையில் ஒரு இடம். 'கூலி வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் வேலை செய்து கொடுத்தாய்?' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார். 'அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது' என்று டாம் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான், கோர்ட்டில் இருந்தவர்கள் முகம் மாறிப்போகிறது. கீழே இருப்பவன் மேலே இருப்பவளைப் பார்த்து இரக்கப்படலாமா? அவன் செய்த பெரிய குற்றம் அதுதான் என்று ஆகிவிடுகிறது. இதை என் தம்பி மகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. நம் ஊர்ப்பக்கம் பிறந்த பெண் அல்லவா, சொன்னவுடன் புரிந்துகொண்டாள்.

"அது நிறம் அத்தை, இங்க இருக்கறது சாதி. ரெண்டும் ஒண்ணு இல்லன்னு எங்க மேடம் சொன்னாங்க" என்றாள். அவள் மேடம் சொன்னது சரிதான். நிறம் முகத்தில் தெரிந்துவிடும். நம் ஊரில் அதற்குப் பதிலாக 'எந்தத் தெரு?' என்று கேட்கிறோம். வேற்றுமை உண்டு. ஆனால் ஒன்றை வைத்து மற்றொன்றைப் பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் நம்மைவிடப் பெரியவர்கள். மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதியபோது, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் அந்த நூலைக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவரும் உண்டு. மார்க் ட்வைன் 1896இல் பம்பாய்க்கு வந்தபோது, தங்கியிருந்த ஓட்டலில் ஒரு ஐரோப்பியர் இந்திய வேலைக்காரரைக் கன்னத்தில் அறைந்ததைப் பார்த்தார். அடி வாங்கியவர் ஒன்றும் பேசவில்லை. அதைப் பார்த்த நொடியில், ஐம்பது வருடத்துக்கு முன் தம் ஊரில் அடிமைகள் அடி வாங்கியது நினைவுக்கு வந்ததாகத் தம் பயண நூலில் எழுதுகிறார். பம்பாயில் விழுந்த அறை அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிற்று. அமெரிக்கக் கதை நம்மை விழுப்புரத்துக்குக் கொண்டுவரக் கூடாதா?

விழுப்புரம் என்றதும் 1978 ஜூலை எனக்கு நினைவு வருகிறது. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த ஊரில் நடந்த சாதிக் கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அப்போது பயிற்சியை முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். 'விழுப்புரம் பக்கம் யாரும் போகாதீங்க' என்று அப்பா சொன்னார். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்லியே?' இல்லை என்று தெரிந்ததும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். செத்துப்போன பன்னிரண்டு பேரில் ஒருவர் பெயரைக்கூட எங்கள் திண்ணையில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தார் யாரும் கொலைகாரர்கள் இல்லை. நல்லவர்கள், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பவர்கள், வந்தவர்களுக்குச் சோறு போடுபவர்கள். மாக்கிங்பேர்ட் நாவலில் வரும் ஊரும் அப்படிப்பட்ட நல்லவர்களின் ஊர்தான். படிக்கும்போது எனக்கு உறைத்தது அது.

இப்போது கைடில் இல்லாத டீச்சருக்கு வருகிறேன். நாவலில் மிஸ் கேட்ஸ் என்று ஒரு ஆசிரியை, கதை சொல்லும் சிறுமி ஸ்கவுட்டுக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் எடுப்பவர். சில பக்கங்கள்தான் வருகிறார். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்துவதைப் பற்றிச் செய்தி வாசிக்கிறான். மிஸ் கேட்ஸ் உணர்ச்சிவசப்பட்டு, ஜனநாயகம் என்ற சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதி, நாமெல்லாம் யாரையும் அப்படி ஒடுக்குவதில்லை என்று பாடம் நடத்துகிறார். ஸ்கவுட் குழம்பிப்போகிறாள். ஏனென்றால் டாம் வழக்கு முடிந்த இரவு, கோர்ட்டு வாசற்படியில் இறங்கும்போது, இந்த ஆட்களுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டிய நேரம்தான் என்று இதே டீச்சர் பேசியதை அவள் காதால் கேட்டிருக்கிறாள். தூரத்து ஹிட்லரை இவ்வளவு வெறுக்கிறவர் உள்ளூர் மனிதர்களிடம் எப்படி இப்படி இருக்க முடியும் என்று அண்ணனிடம் போய்க் கேட்கிறாள். அவனுக்குக் கோபம்தான் வருகிறது, பதில் வரவில்லை.

இந்த இடத்தைப் படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது.

1986 என்று நினைவு. திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர் குடும்பத்திலிருந்து ஒரே ஒரு பையன் படித்தான். பெயர் எழுதப்போவதில்லை, எழுதும் உரிமை எனக்கில்லை. கணக்கில் சுமார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்று எனக்குத் தாங்க முடியாத தலைவலி. பாட வேளையில் அவனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து, ரோட்டைத் தாண்டி இருந்த கடையில் தைலம் வாங்கிவரச் சொன்னேன். பாட வேளையில் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பக் கூடாது என்று அதற்கு முந்தின வாரம்தான் தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு பிள்ளை லாரியில் அடிபடத் தெரிந்து தப்பியிருந்தது.

அதே வேளையில் இன்னொரு ஆசிரியையின் கைப்பையிலிருந்து ஐம்பது ரூபாய் காணாமல் போனது. யார் யார் வகுப்பை விட்டு வெளியே போனார்கள் என்று விசாரித்தபோது, இவன் ரோட்டுப் பக்கமிருந்து வந்ததைப் பார்த்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும், போதாதா? வராந்தாவில் முட்டி போட வைத்தார்கள். அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். 'அவனை நான்தான் அனுப்பினேன்' என்று நான் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? தலைமையாசிரியரிடம் ஒரு திட்டு. அதிகம் போனால் ஒரு மெமோ. அதற்குப் பயந்தேன்.

அவனும் சொல்லவில்லை. அதுதான் இத்தனை வருடமாக என்னை அறுக்கிறது. 'டீச்சர்தான் அனுப்பினாங்க' என்று நான்கு வார்த்தை பேசாமல் முட்டி போட்டிருந்தான். பயமா, மரியாதையா, நம்பமாட்டார்கள் என்ற எண்ணமா, தெரியாது. தலைவலியோடு உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்து அவனுக்குப் பாவமாக இருந்திருக்குமோ என்றும், டாம் ராபின்சனைப் படித்த பிறகு, எனக்குத் தோன்றியது.

அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். வயலில் எலி பிடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வராந்தாவுக்குக் கீழேயே நின்றார். 'இனிமே வரமாட்டான் சாமி' என்றார். கூட்டிக்கொண்டு போய்விட்டார். செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போய்விட்டதாகக் கொஞ்ச நாளில் கேள்விப்பட்டேன். ஐம்பது ரூபாய் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

அன்று காலை வகுப்பில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடப் புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம், குற்றம் என்று அச்சிட்டிருப்பார்களே, அதைப் பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவனும் சேர்ந்துதான் படித்தான். மிஸ் கேட்ஸ் பலகையில் எழுதிய ஜனநாயகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கைடு எழுதுகிறவர்களுக்கு ஆட்டிகஸைப் பிடிக்கிறது. படிக்கும் எல்லோரும் தங்களை ஆட்டிகஸாகவே நினைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் 2015இல் வெளிவந்த ஹார்ப்பர் லீயின் இன்னொரு நாவலில், வயதான ஆட்டிகஸ் கறுப்பர்களுக்குச் சம உரிமை கொடுப்பதை எதிர்ப்பவராக வருகிறார். உலகமெங்கும் வாசகர்கள் அதிர்ந்துபோனார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கோர்ட்டில் நியாயம் பேசுவது வேறு, தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பது வேறு. நம் வீடுகளில் பார்க்காததா?

நம் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் 'ஜெய் பீம்' படம் வந்தபோது நீங்கள் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். படத்தில் இருளராகக் காட்டியிருந்தாலும், 1993இல் முதனை கிராமத்தில் திருட்டுப் பழி சுமத்திக் காவலில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாகண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். வழக்காடியவர் பிறகு நீதிபதியான சந்துரு. அவரைப் போற்றுகிறோம், போற்ற வேண்டும். ஆனால் கணவரைத் தேடி அலைந்து, கடைசிவரை வழக்கைக் கைவிடாமல் நின்றவர் பார்வதி அம்மாள். டாமின் மனைவி ஹெலனுக்கு நாவலில் பேச அதிக வார்த்தைகள் இல்லை. கணவன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி கேட்டதும் அப்படியே மண்ணில் விழுகிறாள். நம் ஊர் ஹெலன் விழவில்லை, கோர்ட்டு வரைக்கும் போனாள். இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பதினைந்து மார்க்குக்கு ஒரு கேள்வி கேட்டால் என்ன? நம் கல்லூரிகளில் அமெரிக்க நாவலை அப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஹக்கிள்பெரி ஃபின் பற்றியும் ஒன்று. ஹக் ஒரு வெள்ளைக்காரப் பையன். ஓடிவந்த அடிமை ஜிம்மோடு ஆற்றில் கட்டுமரம் மாதிரி ஒன்றில் போகிறான். இரண்டு மோசடிக்காரர்களில் ஒருவன் ஜிம்மை நாற்பது டாலருக்கு விற்றுவிடுகிறான். ஜிம்மின் எஜமானிக்குத் தகவல் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டால் புண்ணியம், மறைத்தால் நரகம் என்று ஊரும் கோயிலும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அவன் கடிதத்தை எழுதியும்விடுகிறான். பிறகு, தான் தூங்கட்டும் என்று தன் முறைக் காவலையும் சேர்த்துப் பார்த்த ஜிம்மை நினைக்கிறான். நரகமே கிடைக்கட்டும் என்று கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான். படிக்காத பையன், தான் செய்வது பாவம் என்று நம்பிக்கொண்டே சரியானதைச் செய்கிறான். டிப்ளமோ வாங்கிய நான், சரி எது என்று தெரிந்துகொண்டே பலகையைத் துடைத்தேன்.

அதே நாவலில் ஜிம் ஒன்றை நினைத்து அழுவான். கதவைச் சாத்து என்று சொல்லியும் கேட்காத நான்கு வயது மகளை அறைந்துவிடுகிறான். பிறகுதான் தெரிகிறது, காய்ச்சலில் குழந்தைக்குக் காது போய்விட்டது என்று. சொன்னதைக் கேட்கவில்லை என்று கை ஓங்கிய ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டிய பக்கம். நானும் ஓங்கியவள்தான்.

என் மாணவர்களில் இன்று ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், காவல்துறையில் இருக்கிறீர்கள், வருவாய்த்துறையில் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்கிறேன். வகுப்பில் ஒரு பொருள் தொலைந்தால், முதலில் யார் முகத்தைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஊரில் ஒரு திருட்டு என்றால் எந்தக் குடியிருப்புக்கு ஜீப் முதலில் போகிறது என்று யோசியுங்கள். பழங்குடிச் சான்று கேட்டு கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு இருளர் பிள்ளை நின்றால், அது இல்லாமல் அதன் படிப்பு நின்றுபோகும் என்பதை நினைவில் வையுங்கள். பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் இருந்துகொண்டு இந்த மக்களுக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். நானும் இதே திண்டிவனத்தில்தான் இருந்தேன். ஒரு நாள் போய் நின்றதில்லை.

'இந்த வயசுல இதெல்லாம் எதுக்குக் கிளறணும்' என்று சில உறவினர்கள் கேட்பீர்கள். 1978இல் திண்ணையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தோம். 1986இல் வராந்தாவில் பேசாமல் இருந்தேன். இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறேன், இப்போதாவது பேசுகிறேன்.

தம்பி மகள் கைடை என் வீட்டிலேயே வைத்துவிட்டு, நாவலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நூறு பக்கம் தாண்டிவிட்டதாக நேற்று போனில் சொன்னாள். மிஸ் கேட்ஸ் இன்னும் வரவில்லையாம்.

கடைசியாக ஒன்று. அந்த ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால், நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே பெயர் போட வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் என் நம்பரைக் கொடுங்கள். அவனுக்கும் இப்போது ஐம்பதை நெருங்கும் வயது, பிள்ளைகள் இருப்பார்கள். அன்று அவன் வெளியே போனது எனக்குத் தைலம் வாங்கத்தான் என்று அந்தப் பிள்ளைகளிடம் நானே நேரில் வந்து சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்